அத்தியாயம் 6: எவ்வளவு சிரித்தால் போதும்?

லிஃப்ட் வாசலில் "இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்கலாம்" என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அதை நம்பி, கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொன்னவருக்கு ஆறு மாதம் கழித்து அப்ரைசலில் "ஆட்டிட்யூட் சரியில்லை" என்று வரும். ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா என ஏதாவது ஒன்றோடு வேலைக்குப் போகும் நியூரோடைவர்ஜென்ட் ஊழியருக்கு இது தெரிந்த கதைதான். தாம்பரம் சானடோரியத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகமோ, பெருங்களத்தூர் ஐடி வளாகமோ, சிறுசேரி சிப்காட்டோ, பரனூர் மகேந்திரா சிட்டியோ, எங்கே போனாலும் வேலை கைக்கு வந்துவிடுகிறது. அதைச் சுற்றி நடக்கும் பேச்சும் சிரிப்பும்தான் ஆளைத் தின்கிறது.

உங்களை மாற்றிக்கொள்ளும் பயிற்சி எதுவும் இந்த அத்தியாயத்தில் கிடையாது. எட்டு மணி நேரம் மற்றவர்களைப் போல நடித்துவிட்டு வந்தால், வீட்டில் "காபி வேணுமா?" என்ற கேள்விக்குக்கூடப் பதில் சொல்லத் தெம்பிருக்காது. எங்கே எவ்வளவு கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்ற கணக்கை மட்டும் பார்ப்போம்.

முதலில் பிரியுங்கள்

ஆபீஸில் போலி என்று உங்களுக்குப் படுவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. குறைந்தது மூன்று உண்டு.

*சடங்கு.* "சாப்டாச்சா?", "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?", கேக் வெட்டு, குரூப்பில் குட் மார்னிங். கல்யாண ரிசப்ஷனில் வரிசையில் நின்று மேடையேறி, கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, "சாப்ட்டுதான் போகணும்" என்பதைக் கேட்டுக்கொண்டு இறங்குகிறோமே, அந்த மாதிரி. மாப்பிள்ளையிடம் யாரும் அங்கே மனசுவிட்டுப் பேசுவதில்லை. அதனால் யாரும் ஏமாந்துபோவதும் இல்லை.

*பூச்சு.* கசப்பான விஷயத்தைப் பூசி மெழுகிச் சொல்வது. உள்ளே உண்மையான தகவல் ஒன்று இருக்கும்.

*பொய்.* நிறைவேற்றும் எண்ணமே இல்லாத வாக்குறுதி, உங்கள் வேலையைத் தன் பெயரில் மேலே காட்டுவது, "மனசுல இருக்கறத ஓப்பனா சொல்லுங்க" என்று சொல்லவைத்து அதையே பிறகு உங்களுக்கு எதிராக எடுப்பது.

சடங்குக்குச் சில்லறை போதும். பூச்சைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பொய்க்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "சாப்டாச்சா" என்று கேட்டவர்மேல் 'உண்மையில் இவருக்கு அக்கறை இல்லையே' என்று எரிச்சல்படுகிறோம், "அடுத்த சைக்கிள்ல உங்களுக்குத்தான் ப்ரமோஷன்" என்று சொன்னவரை அப்படியே நம்பிவிடுகிறோம்.

1. ஒரு வாரம், உங்களை உறுத்திய ஒவ்வொரு பேச்சையும் போனில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. பக்கத்தில் ச, பூ, பொ என்று ஒரு எழுத்துப் போடுங்கள். குறிக்கும்போதே போட வேண்டாம். ராத்திரி, சூடு தணிந்த பிறகு போடுங்கள்.
3. சந்தேகம் வந்தால் ஒரே கேள்வி: இதை நம்பி நான் ஏதாவது செய்தால் எனக்கு நஷ்டம் வருமா? வராது என்றால் சடங்கு.

ஆபீஸுக்குப் போவதற்குள் காலியாகாதீர்கள்

சிரிக்கத் தேவையான தெம்பில் பாதி வழியிலேயே போய்விடும். செங்கல்பட்டிலிருந்து வரும் மின்ரயில் தாம்பரத்துக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியைப் பிடித்தால் ஜன்னலோரம் கிடைக்க வாய்ப்புண்டு. பத்து நிமிடம் தாமதமானாலும் அதற்கே காத்திருங்கள். சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போனை ரயிலுக்குள் தாராளமாகப் போடலாம். தண்டவாளம் கடக்கும்போதும் ஜிஎஸ்டி ரோட்டிலும் கழற்றிவிடுங்கள்.

மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் பக்கம் ஆபீஸ் கேபில் போகிறவர்களுக்குச் சிக்கல் வேறு. ஊர் வம்பு முழுக்க கேபில்தான் பேசப்படும். டிரைவர் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்துது, முன்னாடி உட்கார்ந்துக்கறேன்" என்பது உங்களுக்கு உண்மையாக இருந்தால் அதைச் சொல்லலாம். இல்லையென்றால் "முன்னாடி உட்கார்ந்துக்கறேனே" போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் "அப்படியா" என்ற ஒரு சொல்லைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள். கேபில் சொன்ன கருத்து, கேப் ஆபீஸ் வாசலுக்கு வருமுன்னே மாடிக்குப் போய்விடும்.

சடங்குகள்: கையில் ஒரு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்

சாயங்காலம் நாலு மணி, பேன்ட்ரி. மேஜையில் கறுப்பு அட்டைமேல் கேக், ஒரு பிளாஸ்டிக் கத்தி, யாரோ லைட்டை அணைக்கிறார்கள், இருபது பேர் ஆளுக்கொரு சுருதியில் பாடுகிறார்கள், பிறந்தநாள்காரர் கன்னத்தில் க்ரீமைத் தடவக் கை ஒன்று நீள்கிறது. வெறுமனே நின்றால் கையை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது, எப்போது சிரிப்பது என்று எல்லாமே கேள்விதான். அதற்குப் பதில்:

1. இரண்டு நிமிடம் முன்னதாகப் போய் கதவோரம் நில்லுங்கள்.
2. பாட்டு முடிந்ததும் "நான் கட் பண்ணித் தரேன்" என்று கத்தியை வாங்கிக்கொள்ளுங்கள். பேப்பர் பிளேட்டில் துண்டு போட்டு நீட்டும் வேலை கிடைத்துவிட்டால் யாரிடமும் பேச்சை வளர்க்க வேண்டாம். "எக்லெஸ்தான்" என்ற ஒரு தகவலே பாதிப் பேருக்குப் போதுமான உரையாடல்.
3. பிறந்தநாள்காரரிடம் பெயரைச் சொல்லி ஒரே ஒரு வாக்கியம். "ஹாப்பி பர்த்டே" போதும். உங்களுக்குப் பாடத் தெரியாததை அவர் கவனித்திருக்க மாட்டார்.
4. கடைசித் துண்டைக் கொடுத்ததும், "கால் ஒண்ணு இருக்கு" என்று பொய் சொல்லாமல், "சரி, நான் சீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புங்கள்.

ஆயுத பூஜைக்கும் இதே வழி. பொரிப் பொட்டலம் விநியோகிக்கிறவரை யாரும் குரூப் போட்டோவுக்கு இழுத்து நடுவில் நிறுத்துவதில்லை. பாரம்பரிய உடை நாள் என்று சொன்னால், கஞ்சி போட்ட புது வேட்டியும் ஜரிகை குத்தும் பட்டும் அன்றைக்கென்று எடுக்காதீர்கள். நாலு முறை துவைத்த பருத்தியே அன்றைய பொழுதை ஓட்டிவிடும்.

ஈசிஆர் ரிசார்ட்டுக்கு டீம் அவுட்டிங் என்றால் ஒரே விதி: திரும்பி வரும் வண்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆபீஸ் பஸ்ஸில் போனால், டிஜே முடிந்து, கடைசி ஆள் நீச்சல் குளத்திலிருந்து ஏறும்வரை நீங்களும் அங்கேதான். "நான் மூணு மணிவரைக்கும் இருப்பேன், அப்புறம் கிளம்பணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் கெஞ்சுவார்கள், முன்பே சொன்னால் தலையாட்டுவார்கள்.

"சாப்டாச்சா?" என்றால் "ஆச்சு, நீங்க?" முடிந்தது. என்ன சாப்பிட்டோம், ஏன் தயிர்சாதம் பிடிக்கவில்லை என்று விளக்கத் தொடங்குவது நமக்கே உரிய பழக்கம். கேட்டவர் நல்லவராக இருந்தால் நின்று கேட்பார், ஆனால் அடுத்த முறை கேட்க மாட்டார்.

குறிப்பு: ஒரு நாளைக்கு எத்தனை சடங்கு உங்களால் தாங்கும் என்று முன்பே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு என்றால் இரண்டுதான். மூன்றாவது வந்தால் "இன்னிக்கு முடியல, நாளைக்கு" என்று நேராகச் சொல்லலாம். மொத்தமாக எல்லாவற்றுக்கும் மறுப்பவரைத்தான் ஆபீஸ் பேசும். தேர்ந்தெடுத்து வருகிறவர் பழகிவிடுவார்.

பூச்சைச் சுரண்டுவது

கீழே உள்ளவை எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தென்சென்னை ஆபீஸ்களில் பெரும்பாலும் பொருள் இதுதான்.

"பாத்துக்கலாம்": இப்போதைக்கு இல்லை. 'எப்போ பார்க்கலாம்?' என்று ஒரு முறை கேளுங்கள். தேதி வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

"ட்ரை பண்றேன்": செய்யப்போவதில்லை, முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை.

"கொஞ்சம் டீம் பிளேயரா இருங்க": உங்களைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார். 'யார்?' என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். "எந்த விஷயத்துல அப்படித் தெரிஞ்சுது? ஒரு உதாரணம் சொன்னீங்கன்னா சரி பண்ணிக்கறேன்" என்று கேளுங்கள். உதாரணம் வந்தால் சுரண்டியாயிற்று.

"நாம எல்லாம் ஒரே ஃபேமிலி": சனிக்கிழமை வரச் சொல்லப் போகிறார்கள்.

"இது அர்ஜென்ட் இல்ல, ஆனா முடிஞ்சா...": அர்ஜென்ட். இதை அப்படியே எடுத்துக்கொண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்பவர்கள் நம் ஆட்களில் அதிகம். பதில்: "இன்னிக்கு வேணுமா, வெள்ளிக்கிழமை போதுமா?"

மெப்ஸ் 1984-லேயே தொடங்கிய வளாகம். அங்குள்ள உற்பத்திப் பிரிவுகளில் இன்னமும் "சார்", "மேடம்" உண்டு. பூச்சு குறைவு, திட்டு நேராக வரும். ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடங்களில் எல்லோரையும் பெயர் சொல்லியே கூப்பிடலாம். திட்டு மூன்று அடுக்குக் காகிதத்தில் சுற்றி வரும். இரண்டில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று வேலை தேடும்போதே யோசிப்பது நல்லது. நேரான திட்டே மேல் என்று சொல்பவர்களை ஆட்டிசம் உள்ளவர்களிடையே நிறையப் பார்க்கலாம்.

அப்ரைசல்: இங்கே அடக்கம் வேண்டாம்

சுய மதிப்பீட்டுப் படிவத்தில் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நீங்கள் முந்தைய இரவெல்லாம் யோசித்து, செய்யத் தவறியதையெல்லாம் கழித்து, 3 போடுவீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டே 5 போடுவார். மேனேஜர் இரண்டு படிவத்தையும் எடுத்துக்கொண்டு மேலே போகிறார். சம்பள உயர்வுக்கான பணம் மொத்தமாக இவ்வளவுதான் என்று முன்பே முடிவாகியிருக்கும். அங்கே உங்கள் 3-ஐ 4 ஆக்கப் போராட அவருக்குக் காரணமே இல்லை. நீங்களே ஒப்புக்கொண்டதாயிற்றே.

"அப்போ நானும் பொய் சொல்லணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். படிவத்துக்கு ஒரு விளக்கத் தாள் இருக்கும், யாரும் திறந்து பார்க்காத பிடிஎஃப். 3 என்றால் 'எதிர்பார்த்ததைச் செய்தார்', 4 என்றால் 'அதற்கு மேல் செய்தார்' என்பதுபோல அதில் எழுதியிருக்கும். சொன்ன வேலைக்கு மேல் செய்ததற்கு உங்களிடம் சான்று இருந்தால் 4 என்பது உண்மை, 3 என்பதுதான் தவறான தகவல். விதியை எழுத்துப்படி படிப்பது நமக்குக் கைவந்த கலை. இங்கே அது உதவும்.

1. வெள்ளிக்கிழமை கிளம்புமுன் பத்து நிமிடம் அலாரம் வையுங்கள். அந்த வாரம் செய்தது, அதனால் யாருக்கு என்ன லாபம், அதற்கான டிக்கெட் எண் அல்லது மெயில் தேதி என்று மூன்று வரி. ஏடிஎச்டி உள்ளவர்கள் இதற்குத் தனி ஆப் தேட வேண்டாம், தேடுவதிலேயே மூன்று வெள்ளிக்கிழமை போய்விடும். எழுதுவது சிரமமான டிஸ்லெக்சியா உள்ளவர்கள் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள்.
2. படிவம் வந்ததும் அதிலிருந்து ஐந்தை மட்டும் பொறுக்குங்கள். எல்லாவற்றையும் போட்டால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.
3. ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கட்டும்: குறைந்த மணி நேரம், குறைந்த பிழை, முடித்த கோப்பு.
4. "டீமுக்கு உதவினேன்" என்பதை அழித்து, நீங்கள் செய்தது எதுவோ அதை எழுதுங்கள்.
5. 'மேம்படுத்த வேண்டியவை' கட்டத்தில் ஒரு திறமையை எழுதுங்கள், குணத்தை எழுதாதீர்கள். "எக்ஸெல் பிவட் இன்னும் கற்க வேண்டும்" சரி. "எனக்குக் கூட்டம் பிடிக்காது, கண்ணைப் பார்த்துப் பேச வராது" என்று எழுதினால் அது உங்கள் கோப்பில் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.
6. நேரில் பேசும்போது ரேட்டிங் எதிர்பாராததாக இருந்தால் அங்கேயே பதில் சொல்லாதீர்கள். "நான் இதைப் படிச்சுட்டு நாளைக்கு மெயில்ல சொல்றேன்" என்பதை வீட்டிலேயே பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அறைக்குள் தலை காலியாகும்போது பழகிய வாக்கியம் மட்டும்தான் வரும்.

பொய்க்கு எதிராக எழுத்து

வாயால் வந்த எந்த உறுதிக்கும் அன்றே ஒரு மெயில். கோபமோ நன்றியோ இல்லாத நாலு வரி:

"இன்று மதியம் பேசியதில் நான் புரிந்துகொண்டது: ஜூலை முதல் டெஸ்டிங் பணி என்னிடம் வரும்; தற்போதைய சப்போர்ட் ஷிஃப்டிலிருந்து விடுவிக்கப்படுவேன். இதில் திருத்தம் இருந்தால் சொல்லவும்."

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மெயில் இருக்கிறது. உங்கள் வேலையை வேறொருவர் தன்னுடையது என்று காட்டினால், மீட்டிங்கில் எல்லோர் முன்னும் "அது நான் பண்ணினது" என்று வெடிப்பது நியாயம்தான், ஆனால் சேதாரம் உங்களுக்கு. வேலையை முடித்த அன்றே குரூப் மெயிலில் "இணைப்பில் நான் முடித்த அறிக்கை" என்று அனுப்பிவிட்டால் பிறகு திருட இடமிருக்காது.

எச்சரிக்கை: ஆபீஸ் மெயிலைச் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். பல நிறுவனங்களில் அந்த ஒன்றே வேலையை விட்டு அனுப்பக் காரணமாகும். தேதி, நேரம், யார், என்ன சொன்னார் என்று வீட்டு நோட்டில் கையால் எழுதுங்கள்.

சொல்வதா, வேண்டாமா?

தேவையை முதலில் கேளுங்கள், உங்கள் நிலையின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். படிப்படியாகப் போகலாம்.

முதல் படியில் காரணமே வேண்டாம்: "சுவரோர சீட் கிடைச்சா நல்லா வேலை செய்வேன்", "மீட்டிங் அஜெண்டாவை முன்னாடி நாள் அனுப்பினா தயாரா வருவேன்." இப்படிக் கேட்டாலே நிறையக் கிடைத்துவிடும். கிடைக்காதபோது இரண்டாம் படி: "சத்தத்துல எனக்கு உடல்நலச் சிக்கல் வருது, டாக்டர் சீட்டு தரேன்." அதுவும் நடக்காதபோது மட்டும் மூன்றாவது: பெயரைச் சொல்வது, எழுத்தில், எச்ஆருக்கு, ஒரே ஒரு நபருக்கு. டீம் வாட்ஸாப் குரூப்பிலோ அவுட்டிங்கில் யாரோ கண்கலங்கிப் பேசிய கையோடோ சொல்லாதீர்கள்.

மூன்றாம் படிக்குமுன் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் உண்டு. ஏடிஎச்டி தனியாக இல்லை, அதனால் ஏடிஎச்டி மட்டும் உள்ளவர்கள் இரண்டாம் படியோடு நிற்பதே பெரும்பாலும் நடைமுறைக்கு ஒத்துவரும். பிரிவு 21-இன்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் அந்தக் கொள்கையின்படி ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும். முதல் மெயிலில் உங்கள் நிலையின் பெயரைச் சொல்லாமல் "நமது சமவாய்ப்புக் கொள்கையின் பிரதி கிடைக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும் வேகமே நிறுவனத்தைப் பற்றிச் சொல்லிவிடும்.

சட்டத்தை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவு 20 அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. மனநலக் குறைபாட்டோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே பாகுபாடாகலாம் என்று 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் விஷயத்தில். தனியாரில் உங்கள் பலம் சட்டப்பிரிவைவிட நீங்கள் சேர்த்துவைத்த மெயில்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுமென்றால் வீட்டு முகவரியைக் கவனியுங்கள். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். ஆபீஸ் இருக்கும் மாவட்டத்தில் மனுப் போட்டு அலையாதீர்கள். ஆட்டிசம் பரிசோதனைக்கு ஈசிஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது, 2005-இல் தொடங்கியது. பெரியவர்களுக்கும் பார்ப்பார்களா, எந்த நாளில் என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பள்ளி ரிப்போர்ட் கார்டுகள் கிடைத்தால் எடுத்துப் போங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அம்மாவோ அக்காவோ கூட வந்தால் வேலை சுலபம்.

பாதுகாப்பு

ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெதில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து. நண்பரிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் கொடுப்பதும் உடம்புக்கும் ஆபத்து, வழக்கும் வரலாம்.

மீட்டிங் அறையில் கண் இருட்டி, வார்த்தை வராமல் போகும் நிலை தெரிந்ததும் எழுந்துவிடுங்கள். அனுமதி கேட்க வார்த்தை வராவிட்டால் கைபேசியைக் காட்டிவிட்டு வெளியே போகலாம், அதைப் பெரும்பாலும் யாரும் தவறாக எடுப்பதில்லை. மாடிப்படிதான் பெரும்பாலான கட்டடங்களில் ஆளில்லாத இடம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, ஞாயிறு சாயங்காலமே வயிறு கலங்குகிறது, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ராஜினாமாவை உடைந்துபோன நாளில் அனுப்பாதீர்கள். எழுதுங்கள், ஆனால் பெறுநர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு இரவு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதே முடிவென்றால், அனுப்புமுன் வரிசையாகப் பாருங்கள்: நோட்டீஸ் காலம் எத்தனை நாள், மீதி விடுப்புக்குப் பணம் உண்டா, ஆபீஸ் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, சிகிச்சையில் இருந்தால் அதற்குமுன் புதுக் காப்பீடு எடுக்க முடியுமா, பிஎஃப் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா. வெளியேறும்போது எச்ஆர் நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் "எதுக்காகப் போறீங்க, மனசுவிட்டுச் சொல்லுங்க" என்பார்கள். "வேற நல்ல வாய்ப்பு" என்ற மூன்று சொல்லோடு முடித்து, ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.